பதின்மூன்றாம் கடிதத்தை அச்சிட வேண்டாம்

மில்ஃபோர்க், விஸ்கான்சின்
புதன்கிழமை, காலை பத்து மணி

'மில்ஃபோர்க் மெசஞ்சர்' நாளிதழின் விளையாட்டுப் பக்க ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திருமதி ராடமேக்கர் அம்மையாருக்கு, முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓரின் ட்வெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி லோர்னாவும் எங்கள் நாயும் நலம். என் வலது கை மட்டும் நலமில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்தருள வேண்டும். தங்கள் நலமும் அச்சுக்கூடத்தார் நலமும் அறிய ஆவல், ஆனால் அதற்குப் பதில் எழுதி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், நேரம் ரொம்பக் குறைவாக இருக்கிறது.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். டிசம்பர் முதல் தங்கள் பக்கத்தில் 'பின்வரிசைக்காரன்' என்ற புனைபெயரில் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன அல்லவா, அவற்றை எழுதிய பாவி நான்தான். பதின்மூன்றாவது கடிதம் இந்நேரம் தங்கள் மேசையில் இருக்கும். அதை நாளைக்கு அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். இனிமேல் வாசகர் கடிதங்களை உண்மைப் பெயரோடுதான் வெளியிடுவோம் என்று நேற்றைய இதழில் கட்டம் கட்டி அறிவித்திருக்கிறீர்கள். நல்ல முடிவுதான், நானே ஆதரித்து எழுதியிருப்பேன். ஆனால் அந்தப் பெயர் என்னுடையதாக இருக்கும்போது கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கடிதத்தில் நான் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும், பந்தெறியும் பிட்சர் யோர்வின் பெகெரோ என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறான்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். எல்லாம் நம் ஸ்டர்ஜன்ஸ் பேஸ்பால் அணி நிர்வாகம் செய்த வேலை. அணியை அஸ்திவாரத்திலிருந்து புதிதாகக் கட்டுகிறோம் என்று சொல்லி, பதினாறு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த ஹார்ட்விக்கை டிசம்பரில் தூக்கி இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மூன்று இளம் பிட்சர்களை வாங்கினார்கள். ஒருவனுக்கு வந்த மாதமே முழங்கையில் அறுவை சிகிச்சை, இன்னொருவன் பேஸ்பாலே வேண்டாம் என்று பல் மருத்துவம் படிக்கப் போய்விட்டான், மிஞ்சியவன் டொமினிகன் நாட்டிலிருந்து வந்த இருபத்தொரு வயது யோர்வின். பதினைந்து வருஷத்தில் இது மூன்றாவது கட்டுமானம். வீடு கட்டுகிறவன் கூரையைப் பிரித்துவிட்டு ஐந்து வருஷம் பொறுங்கள் என்றால் உள்ளே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? நான் சும்மா இருக்கவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கும் டைப்ரைட்டரைத் தூசி தட்டி எடுத்தேன், பின்வரிசைக்காரன் பிறந்தான். ஏழு கடிதம் வரைக்கும் எனக்கு நிம்மதியாகத்தான் போயிற்று.

ஏப்ரலில் என்ன ஆயிற்று என்றால், ஸ்டர்ஜன்ஸின் நம் ஊர்க் கிளை அணிக்கு ஆட வரும் பையன்களுக்கு ஊர்க்காரர்கள் வீட்டில் அறை கொடுப்பது வழக்கம் அல்லவா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லோர்னா தேவாலயத்துப் பட்டியலில் எங்கள் பெயரையும் எழுதிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஆறடி நான்கு அங்குலத்தில் ஒருவன் ஒரு பையோடு நிற்கிறான். பெயர் கேட்டேன், சொன்னான். அப்போது டைப்ரைட்டரில் எட்டாவது கடிதம் பாதியில் நிற்கிறது, அதில் அவனைப் பற்றி 'சோளக்காட்டிலிருந்து தப்பித்து வந்த வைக்கோல் பொம்மை' என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தேன். அவன் என் கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினான். நான் கீழே போய்க் கடிதத்தை முடித்தேன், வேறென்ன செய்ய, பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

அதற்கப்புறம் என் வீடு என் வீடாக இல்லை. நான் எதிர்ப்பது நிர்வாகத்தின் கொள்கையை, பையனை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் கொள்கையெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து பந்தெறியும் ஒரு வலது கையில் வந்து உட்கார்ந்துகொண்டு எதிரே சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிடும்போது மனுஷனுக்குப் பயம் வருமா வராதா? முதல் வாரத்திலேயே லோர்னா ஊறுகாய் ஜாடியை அவனிடம் நீட்டி மூடியைத் திறந்து தரச் சொன்னாள், நான் பாய்ந்து பிடுங்கியதில் ஜாடி என் காலில் விழுந்தது. நாய் அவனுடைய இடது பக்கமாக மட்டுமே போக வேண்டும் என்று பழக்கினேன். ஒரு நாள் என் வண்டிக் கதவை நான் அறைந்து சாத்தும்போது அவன் விரல்கள் மயிரிழையில் தப்பின, அன்றிலிருந்து என் வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவதாக இருந்தாலும் உரக்க அறிவித்துவிட்டுத்தான் சாத்த வேண்டும், விருந்தாளிகளுக்கும் இதே சட்டம்தான். ஜூலை நாலாம் தேதி தேவாலயத்து விருந்தில் யாரோ அவன் கையில் குதிரை லாடத்தைக் கொடுத்து விளையாட்டுக்கு முளைக்கம்பத்தில் எறியச் சொன்னார்கள், நான் நாற்காலியிலிருந்து எழுந்து போட்ட கூச்சலில் எனக்கு மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார்கள். இரண்டு பேர் என்னைப் படுக்க வைத்து நாடி பார்க்கும்போதும் லாடத்தை அவனிடமிருந்து வாங்கிவிட்டார்களா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் என் மைத்துனன் ஹார்லன் ஸ்கோக்மோ. வெள்ளிக்கிழமை தோறும் பொரித்த மீன் சாப்பிட நாங்கள் எட்டுப் பேர் கூடுகிற மேசையில் அவன் தங்கள் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவான். நான் பையனுக்காகப் பேசுவேன். மூன்று வருஷம் பொறுங்கள், ஒன்பது இன்னிங்ஸுக்குப் பதினோரு பேரை வெளியேற்றுகிறான், அந்த வளைபந்து மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழுவதுபோல விழுகிறது, தோள் மட்டும் கொஞ்சம் அவசரப்படுகிறது, சரியாகிவிடும் என்பேன். ஹார்லன் நிதானமாக மீனை முடித்துவிட்டுப் பத்திரிகையை எடுப்பான்.

"மாப்ளே, பின்வரிசைக்காரன் என்ன எழுதிருக்கான்னு படிக்கவா? பத்துப் பேரை வெளியேத்துறான், எட்டுப் பேருக்குப் பந்தை அடிக்க எட்டாம வீசி சும்மா நடக்க விடுறான், இதுக்கு வாசக் கதவைத் திறந்தே வச்சிரலாம்கிறான். இந்த ஆளு எழுதுறது ஒவ்வொண்ணும் கல்லுல வெட்டி வைக்கணும். நீ அந்தப் பயலுக்குச் சோறு போடுற, அதான் உனக்குக் கண்ணு தெரியல."

"அவனுக்கு பேஸ்பால்ல என்ன தெரியும்?" என்றேன் நான். "வேலையத்த கிழவன் எவனோ, வீட்டுல பேச ஆளில்லாம எழுதுறான்."

மேசையில் ஏழு பேரும் அதை உடனே ஒப்புக்கொண்டார்கள். அம்மையாரே, என் எழுத்தை என்னாலேயே வெல்ல முடியவில்லை என்பது ஒரு வருத்தம், ஏழு பேரில் ஒருவராவது எழுத்தாளனுக்குப் பரிந்து பேசவில்லை என்பது இன்னொரு வருத்தம்.

இப்போது நான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். யோர்வின் ஆங்கிலம் கற்றுக்கொள்கிறான். காலையில் முட்டையோடு உட்கார்ந்து அகராதியை வைத்துக்கொண்டு தங்கள் பத்திரிகையைப் படிப்பான், அதுவும் வாசகர் கடிதங்களிலிருந்துதான் தொடங்குவான், கடிதம் என்றால் எளிய மொழியாக இருக்கும் என்று லோர்னா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். புரியாததை என்னிடம் கேட்பான். வைக்கோல் பொம்மை என்றால் என்ன என்று கேட்டான். எங்கள் ஊரில் உயரமானவர்களை மரியாதையாக அப்படிச் சொல்வோம் என்றேன். வாசல் கதவைத் திறந்தே வைப்பது என்றால்? விருந்தோம்பல் என்றேன். நான் எழுதிய ஐந்து கடிதங்களை இப்படி வரிவரியாகப் பாராட்டாக மாற்றிச் சொல்லியிருக்கிறேன். எடைக்கல்லில் கால் அவுன்ஸ் குறைந்தாலும் கடையைப் பூட்டி முத்திரை வைத்தவன் நான், இன்று இப்படி ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் தன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னான், நடுவில் 'பின்வரிசைக்காரன்' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது.

அதே ஞாயிறு மதியம்தான் அவன் ஆறு பேரை நடக்கவிட்டுத் தோற்றான். எனக்கு வந்த கோபம் நிர்வாகத்தின் மேல் வந்த கோபமில்லை, பயம், ஆனால் அது விரலுக்கு வரும்போது பழக்கதோஷத்தில் கோபமாகத்தான் வந்தது. பதின்மூன்றாம் கடிதத்தை எழுதி, அவனை மாத முடிவுக்குள் யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று முடித்து, திங்கள் சாயங்காலம் முனைத் தெருத் தபால் பெட்டியில் போட்டேன். செவ்வாய்க் காலை தங்கள் அறிவிப்பைப் படித்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் தங்கள் அலுவலக இயந்திரம் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று என்னைச் சுற்றவிட்டுக் கடைசியில் சந்தாவைப் புதுப்பித்துவிட்டது. ஓடினேன். பெட்டியின் வாய்க்குள் கையை விட்டேன், முழங்கைக்கு மேல் சிக்கிக்கொண்டது. வந்த ஷெரீஃப் அலுவலகத்துக்காரர் என்ன தேடுகிறீர்கள் என்றார். என் கடிதத்தைத்தான் என்றேன். உள்ளே போட்டால் அது சர்க்கார் பொறுப்பு, எடுத்தால் குற்றம் என்றார். எடுக்க முடிந்தால்தானே, முதலில் கையை எடுத்துக் கொடுங்கள் என்றேன். பத்து மணிக்குத் தபால்காரர் வந்து சாவி போட்டுத் திறந்து என் கையை விடுவித்தார், என் கண்ணெதிரே எல்லாவற்றையும் சாக்கில் வாரிக்கொண்டு போனார். மணிக்கட்டில் சுளுக்கு, மாவுக்கட்டு. நான்கு மாதம் ஒரு வலது கையைக் காப்பாற்றிய வீட்டில் இன்னொரு வலது கை போயிற்று.

நாளை வியாழன் சாயங்காலம் அவன் எறிவதைப் பார்க்கப் பெரிய அணியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். நன்றாக எறிந்தால் மேலே போவான், சொதப்பினால் மாத முடிவுக்குள் வேறெங்கோ கைமாற்றிவிடுவார்கள், அவனுக்கும் அம்மாவுக்கும் இருக்கும் ஒரே வழி இதுதான். அந்த நாள் காலையில் அவன் முட்டையோடு உட்கார்ந்து, தன்னை விற்றுத் தொலைக்கச் சொல்பவன் எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறான் என்று பெயரோடு படிக்க வேண்டுமா? அவன் நல்ல பிட்சர், அம்மையாரே. இந்த ஊருக்கு இருபது வருஷத்தில் வந்தவர்களில் எனக்குப் பிடித்த பிட்சர். அவன் போய்விட்டால் வீட்டில் யாருக்காகக் கதவை அறிவித்துச் சாத்துவேன் என்று தெரியவில்லை. பதின்மூன்றாம் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, முடிந்தால் இந்தப் பத்தியை மட்டும் என் பெயரோடு போடுங்கள். லோர்னா காரில் கொண்டுவந்து தங்கள் கையிலேயே தருவாள்.

தங்கள் பக்கத்தில் பிழைகள் குறைந்து விளம்பரங்கள் நிறையட்டும், தங்கள் குடும்பத்தில் யாருக்கும் முழங்கை வலி வராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
ஓரின் ட்வெட் (இனி பின்வரிசைக்காரன் இல்லை)

பின்குறிப்பு: உறை தேடிக் கீழ்த்தளத்தில் ஒரு மணி நேரம் துழாவிவிட்டு வருவதற்குள் யோர்வின் பயிற்சியிலிருந்து திரும்பி, சமையலறை மேசையில் கிடந்த இந்தக் கடிதத்தை அகராதியோடு கடைசி வரை படித்துவிட்டான். உட்காரச் சொல்லி அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எனக்கு மே மாசமே தெரியும் மிஸ்டர் ஓரின்," என்றான். "நான் தோத்துட்டு வர்ற அன்னிக்கெல்லாம் கீழ டைப்ரைட்டர் சத்தம் கேக்கும். நாலு நாள்ல பேப்பர்ல கடிதம் வரும். நிஜ அர்த்தத்த அகராதில பாத்து அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவேன். ஒன்பதாவதுல தோள் முந்திக்கிட்டுத் திறக்குதுன்னு எழுதினீங்க. இங்க கோச் யாரும் அதைச் சொல்லல. அத வச்சுத்தான் வளைபந்தையே சரி பண்ணேன்."

நல்ல பிட்சர் என்று எழுதிய பத்தியைத்தான் போடச் சொல்லப் போகிறேன், அந்தப் பழையது வராது, நீ கவலைப்படாதே என்றேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அதையே போடச் சொல்லுங்க. திட்டினா எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தா நல்லா எறிவேன். இதப் படிச்சா அழுகை வருது. மூணு பேரு பாக்க வர்ற அன்னிக்கு அழுதுக்கிட்டு எப்படி எறியறது?"

ஆகவே, அம்மையாரே, மேலே உள்ள அனைத்தையும் ரத்து செய்து, பதின்மூன்றாம் கடிதத்தை நாளைய இதழில் ஒரு சொல்லும் குறைக்காமல், என் முழுப் பெயரோடு, பெரிய எழுத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காலையில் அவன் முட்டையோடு உட்கார்ந்து அர்த்தம் கேட்டால், இந்தத் தடவை உள்ளதை உள்ளபடியே சொல்லப் போகிறேன்.