பொட்டு வைத்த கோப்பி மெசின்

எனக்குக் கோப்பி போடத் தெரிந்ததைவிடக் கோப்பியைப் பற்றிக் கதைக்கத் தெரிந்ததுதான் கூட. இதை வெளியே சொல்ல இப்போது வெட்கமில்லை. மானிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டை வரைக்கும் தெரிந்த விஷயம்தானே.

கனடாவிலிருக்கும் அண்ணை ஒருமுறை வந்தபோது சின்ன எஸ்பிரசோ மெசின் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். புதிதாகப் பழகுபவர்களுக்கானது. ஒரு தரத்துக்கு ஒரு கோப்பைதான் வரும். பாலை நுரைக்க வைக்கும் அதன் ஆவிக்குழாய், சளி பிடித்த பூனை மாதிரி இழுத்து இழுத்துத்தான் மூச்சு விடும். திருகியை முழுதாகத் திறந்து, மெசினின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் ஏதாவது நடக்கும். (அந்தத் தட்டை நான் கைத்திறன் என்று நம்பியிருந்தேன்.)

அந்த நேரம்தான் தர்சினியின் சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தி, நாங்கள் இருவரும் போனில் கதைக்கவும் தொடங்கிவிட்டோம். எனக்கு அவளைச் சரியாகப் பிடித்துவிட்டது. ஆனால் அவளுடைய தகப்பனாரின் கையில் ஒரு லண்டன் மாப்பிள்ளையும் இருந்தார். எங்கள் வீட்டுக்கு ஒருதரம் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். அவர் கோப்பி என்றால் உயிரை விடுவார் என்று தர்சினி சொன்னாள். அதோடு லண்டன்காரரின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சின்ன மெசினில் நாலு பேருக்குப் போட்டு முடிப்பதற்குள் முதல் கோப்பை ஆறிவிடும். ஆகவே, ரவுண் கடைத்தெருவில் மூடிவிட்ட ஒரு கோப்பிக் கடையின் பெரிய மெசினை வாங்கி வந்தேன். குசினியில் அடுப்புப் பக்கம் வைக்க இடம் காணாததால் ஹோலில் சாப்பாட்டு மேசையில் ஏற்றினோம். அவர்கள் வருவதற்கு முதல்நாள் திறந்து பார்த்தேன். ஆவி போட்ட சத்தத்தில் அம்மா இரண்டடி பின்னால் போனார்.

"பால்தேத்தண்ணி குடுத்தால் காணும் தம்பி. ஆக்கள் வாற அண்டைக்கே உதிலை கை பழகவேணும்?" என்றார். நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மெசின் நெற்றியில் மூன்று குறி விபூதியோடு நிற்கிறது. திருகிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. கேட்டதற்கு, "மோட்டச்சைக்கிளுக்கு வைக்கிறம், காருக்கு வைக்கிறம். உதுக்கு மட்டும் வைக்காமல் விட்டால் நாவூறு படாதே?" என்றார் அம்மா. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆவிக்குழாயின் நுனியும் அம்மாவின் கண்ணுக்கு நெற்றியாகத் தெரிந்திருக்கிறது, அங்கேயும் சந்தனத்தை அள்ளி அப்பி நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. நாலு மணிக்குத் தர்சினி வீட்டுப் பெரியவர்கள் வரும்போது அது நன்றாகக் காய்ந்திருந்தது.

தகப்பனார் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. நேராக மெசினடிக்கு வந்து குனிந்து பார்த்தார். நான் ஆவி அமுக்கம் பற்றிச் சொன்னேன், கொட்டை வறுக்கும் பதம் பற்றிச் சொன்னேன், பிரேசிலுக்குப் போய்விட்டு எத்தியோப்பியாவுக்குத் திரும்பும்போது அவர் மறித்தார்.

"அப்ப போடும் தம்பி, குடிச்சுப் பாப்பம்."

குளிர்ந்த பால் இருந்த குவளைக்குள் குழாயை விட்டுத் திருகினேன். ஒன்றும் வரவில்லை. பழைய பழக்கத்தில் முழுதாகத் திறந்தேன். அப்போதும் இல்லை. பிறகு என் கைத்திறனைக் காட்டினேன், முதுகில் இரண்டு தட்டு.

அடைப்பு எடுபட்டது. குவளைப் பால் முழுவதும் கிளம்பிப் போய் அவருடைய சேட்டில் இறங்கியது, இடைக்கிடை மஞ்சளும் சிவப்புமாக. மூக்குக்கண்ணாடியிலும் ஒரு பொட்டு விழுந்திருந்தது. மெசின் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. குசினி வாசலில் நின்ற அம்மா, "ஐயோ, நான் பொட்டு வைச்ச இடம்" என்றார் மெதுவாக.

தகப்பனார் முகம் கழுவி வந்து என் சேட்டை மாட்டிக்கொண்டார். அவர் வயிற்றுக்கு மேல் பொத்தான்கள் துளைகளை எட்டிப் பார்க்கவே இல்லை. அம்மா மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்ட எங்கள் வீட்டுக் கோப்பியைக் கொடுத்தார். அவர் அதைக் குடித்தார், இன்னொன்று கேட்டு அதையும் குடித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. லண்டன்காரர் நல்லா இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போகும்போது வாசல் படலையடியில் அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"கலியாண வீட்டு வாசல்லை தாற சந்தனத்தை இண்டைக்கே பூசி விட்டிட்டியள். இனி நாள் பாக்கிறதுதானே மிச்சம்."

அது பகிடியா கோபமா என்று இரவு தர்சினி போன் எடுக்கும்வரை எனக்கு விளங்கவில்லை. "அப்பா வழி முழுக்கச் சிரிச்சுக்கொண்டு வந்தவராம். உங்கடை சேட்டைத் திருப்பித் தரமாட்டாராம்" என்றாள்.

பெரிய மெசின் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, இப்போது ஒழுங்காகவே போடுகிறேன். நவராத்திரி வாணி விழாவுக்கு அம்மா பொட்டு வைக்கும்போது குழாயின் நுனியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். இப்போது என் மாமாவாகிவிட்ட தர்சினியின் தகப்பனார் மட்டும் இன்னும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் கோப்பி போட எழும்பினால், சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத்தான் மேசைக்கு வருவார்.