ஏழாவது காற்றாலையும் ஆட்சேபணையாரின் ஜன்னலும்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. கண்ணெதிரே இருக்கும்வரை ஒன்றை ஏறிட்டும் பார்க்காது. அதன்மேல் வேறு யாரோ கைவைக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த மறுநிமிஷம், அதுதான் தன் உயிர் என்று மார்தட்டும். இந்த ரகத்துக்குக் காட்சிக் காவலர் என்று பெயர் வைக்கலாம். உங்கள் தெருவிலும் ஒருவர் இல்லாமல் போகமாட்டார்.

தெருவே ஆட்சேபணையார் என்று அழைக்கும் இந்த மனுஷரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலே இல்லாத ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷம் தூசி தட்டி ஓய்வு பெற்றவர். அதன் பிறகும் பேப்பர், டி.வி., மதியத் தூக்கம் எல்லாவற்றையும் ஹாலின் மேற்குச் சுவருக்கு முதுகைக் காட்டியே நடத்திவந்தார். ஊருக்கு மேற்கே மலை இருப்பது அவருக்குத் தெரியும். ஏதோ பழைய ஃபைலில் படித்திருக்கிறார்.

அந்த மலைமேல் ஏழு காற்றாலை வரப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்களோ இல்லையோ, பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முடிவெட்டப் போன இடத்தில் மலை, மருந்துக்கடையில் மலை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்காக இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஓடிய அப்பாவியிடமும் மலை. காலையில் அதன் முகத்தில் விழிக்காவிட்டால் தனக்குப் பொழுதே விடியாது என்றார். அவர் காலையில் விழிப்பது பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் என்பது மனைவிக்குத் தெரியும். அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் இருந்தது. ஏழாவது காற்றாலை நிற்கப்போவது அந்த அம்மாளுடைய தம்பியின் நிலத்தில். இரண்டு தடவை போர் போட்டும் புழுதியைத் தவிர ஒன்றும் வராத நிலம். காற்றாலை வந்தால் குத்தகையில் குடும்பம் ஊரோடு இருக்கும். வராவிட்டால், பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கோ ஒரு நகரத்தில் வாட்ச்மேன் வேலைதான். அரசாங்க விதியோ, ஒரு வீட்டு ஜன்னலுக்கு நேரெதிரே காற்றாலை தெரிந்தால் வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையேல் அந்த ஒன்றைக் கைவிட்டுவிடுவார்கள் என்றது. விதி என்று வந்துவிட்டால் ஆட்சேபணையாரைக் கேட்கவா வேண்டும்?

ஒரே ஒருநாள், சாதம் போடும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள். “நம்ம தம்பிக்காகவாச்சும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்களேன்.”

“உறவு வேற, காட்சி வேற,” என்றார் அவர், குழம்பை நோக்கித் தட்டை நகர்த்தியபடி.

ஜன்னலிலிருந்து படம் பிடிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். எந்த ஜன்னல் என்று கேட்டார். அங்கேதான் சிக்கல். மேற்கு ஜன்னல் பதினாலு வருஷமாகப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதை நகர்த்த ஆள் வேண்டுமே? கொஞ்சமும் கூசாமல் மச்சினனுக்கே போன் போட்டார். அவனும் அக்கா வீடாயிற்றே என்று வந்து தோள் கொடுத்து நகர்த்தி, பெயின்ட்டில் ஒட்டிக் கிடந்த ஜன்னல் கதவை உளி வைத்து நெம்பித் திறந்தும் கொடுத்தான். ஆட்சேபணையார் நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, கையை நீட்டித் தன் மலையைக் காட்டினார்.

“அது இல்ல சார்,” என்றார் அதிகாரி. “அது குவாரிக்காரங்க கொட்டி வச்ச மண்ணு. மலை இந்தப் பக்கம்.”

வேறு யாராக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். காவலர் ரகத்துக்கு அந்த நரம்பே கிடையாது. கையைச் சற்று நகர்த்தி, அதைத்தான் தானும் சொன்னதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம், காற்றாலையை உரிய இடத்தில் வரைந்து படத்தை அனுப்பினார்கள். ஸ்கேல் வைத்து அளந்தார். நாலு மில்லிமீட்டர்! அது என்ன சாமானியமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் தேடினார். கையெழுத்து விழவில்லை. ஏழு ஆறாயிற்று. தெருவில் நாலு பேர் வந்து கைகுலுக்கினார்கள்.

மாதம் திரும்புவதற்குள் மச்சினன் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

“பீரோவைப் பழைய இடத்துல வச்சுடட்டுமா அத்தான்? அப்புறம் உங்களுக்கு ஆள் கிடைக்காது.”

ஆட்சேபணையார் வேண்டாமென்று கையை ஆட்டினார். அதற்குள் மனைவி உள்ளேயிருந்து பெட்டியோடு வந்தாள். தம்பிக்குப் புது ஊர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டார்.

“நீங்க மலையைப் பாத்துட்டு இருங்க,” என்றாள்.

பாவம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். தானே சமைத்த சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு, மூன்றாவது காற்றாலையின் இறக்கை நுனி ஜன்னல் ஓரத்தில் தெரிவதாகப் புது மனு ஒன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துவரும்போது நடுவில் ஒரே ஒரு தடவை, ‘ஆயிரம் சொன்னாலும் மனுஷர் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறதே’ என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், உடனே எழுந்துபோய் வீட்டில் இருப்பவர்களிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் சொல்ல அவர்கள் வீட்டில் இருந்தால்.