இடது கண் மட்டும்

இடது கண் எரிந்தது. புண்ணில் உப்பு வைத்துத் தேய்த்த மாதிரி எரிந்தது. யூசேபியோ சைக்கிளை ஓரங்கட்டிக் கையுறையால் கண்ணைத் துடைத்தான். கையுறையில் கிரேன் கம்பியின் கிரீஸ். இப்போது இன்னும் எரிந்தது.

"என்னய்யா, நின்னுட்ட?" முன்னால் போன ரோகேலியோ திரும்பிக் கத்தினான்.

"வேர்வை கண்ணுல இறங்கிருச்சு பங்காளி. இன்னைக்கு மட்டும் நீயே முன்னால போயிரு."

"நேத்தும் 'இன்னைக்கு மட்டும்'னுதான சொன்ன?"

"நேத்து முட்டி வலி. அது வேற."

கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற அந்தக் கடற்கரை ஊரில் சாயங்காலக் காற்று சும்மா வீசாது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். துறைமுகத்திலிருந்து வீடு வரை ஒன்பது மைலும் எதிர்க்காற்று. ஜோடியாகப் போகிறவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள். ஒரு மைல் நீ முன்னால் போய்க் காற்றை வாங்கு, நான் உன் பின்னால் ஒட்டி வருகிறேன். அடுத்த மைல் நான். வெல்டர் ரோகேலியோவுக்குக் கப்பல் கதவு அகலத்துக்கு முதுகு. காற்று இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். அந்த முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாகப் பதுங்கினால் காற்று இருப்பதே தெரியாது.

வேறு நாளாக இருந்தால் இந்தக் கண்ணெரிச்சலை யூசேபியோ பொருட்படுத்தியிருக்க மாட்டான். துறைமுக நர்ஸ் அவன் இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள்: "கண்ணா இது, மிளகாய்ப் பழமா? வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன். அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா கிரேன்ல ஏற விட மாட்டேன்."

கிரேன் இருக்கை போனால் தரையில், வெயிலில், கொக்கி மாட்டும் வேலை. அதில் முதுகெலும்பு தேய்ந்துதான் அவன் மேலே ஏறினான். அந்த முதுகை வைத்துக்கொண்டு திரும்பக் கீழே இறங்க முடியாது.

அதைவிடக் குடைந்தது இன்னொரு கேள்வி. நெற்றி ஒன்று, புருவம் இரண்டு. வேர்வை மட்டும் ஏன் இடது கண்ணுக்கே வழி கேட்டு வருகிறது?

"உன் தலை கோணலா இருக்கும்" என்றாள் மனைவி மாரிசெலா.

அவன் மச்சானிடம் ரசமட்டம் வாங்கி வந்து, கண்ணாடி முன் நின்று புருவத்தில் வைத்துப் பார்த்தான். குமிழி நட்டநடுவில் நின்றது.

"தலை நேராத்தான் இருக்கு."

"அப்ப கோணல் உள்ளேதான்."

திங்கட்கிழமை நெற்றியில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினான். தலைவலி வந்தது. தலைவலியில் மிதி தளர்ந்தது. மிதி தளர்ந்ததால் ரோகேலியோவின் பின்சக்கரத்துக்கு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டான். கண் முன்னைவிட எரிந்தது.

மறுநாள் கிரேன் மேஸ்திரி ஒரு வழி சொன்னார். "புருவத்துக்கு மேல வாசலினைத் தடிப்பா பூசு. வயலுக்கு வரப்பு மாதிரி. தண்ணி அந்தப் பக்கமே ஓடிரும்."

நூறு டிகிரி வெயிலில் வரப்பு உருகி, இரண்டு கண்ணிலும் இறங்கியது. உலகமே வெண்ணெய்த்தாள் வழியாகத் தெரிந்தது. ஒரு தபால் பெட்டியில் மோதி, அதனிடம் மன்னிப்பும் கேட்டான்.

"கண்ணு தெரியலன்னா பின்னாலயே வா" என்றான் ரோகேலியோ, சலிப்போடு. "என் சட்டையைப் பிடிச்சுக்கோ. தாலாட்டும் பாடட்டுமா?"

புதன்கிழமை, வேர்வை வராமலிருக்க அக்குளில் தேய்க்கும் குச்சியை நெற்றி முழுக்கத் தேய்த்தான். நெற்றி விறைத்து, புருவம் மேலே ஏறி, நாள் முழுக்க ஆச்சரியப்பட்ட முகத்தோடே கிரேன் ஓட்டினான். அது போதாதென்று ஹெல்மெட்டுக்குள் மனைவியின் நாப்கின் இரண்டை ஒட்டினான். ஒரு பழைய கப்பல்காரன் சொன்ன வழி அது. நாப்கின் தடிமனில் ஹெல்மெட் உச்சியில் நின்றது. காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. தலையைத் தாழ்த்தி, ரோகேலியோவின் முதுகில் மூக்கு இடிக்கிற மாதிரி வந்தான்.

கண் எரிந்த எரிச்சலில் ஒரு மைலுக்கு அழுதுகொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே தொட்டுப் பார்த்தான். நாப்கின் காய்ந்து கிடந்தது. கடையில் வாங்கிய மேனிக்கு இருந்தது. நெற்றியைத் தொட்டான். அதுவும் காய்ந்திருந்தது. அப்படியே நின்றுவிட்டான். நெற்றியில் வேர்வையே இல்லை என்றால், கண்ணில் விழுந்தது எது?

"என் டப்பாவுல ரெண்டு குறையுது" என்று வந்தாள் மாரிசெலா. "எவளுக்குக் குடுத்த?"

"எவளுக்குமில்ல. தலைக்கு வெச்சேன்."

"தலைக்கா?"

அவன் ஹெல்மெட்டைக் காட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் இடது தோளருகே குனிந்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"தேங்காய்."

"என்னது?"

"தேங்காய் வாசனை. கிரீம் வாசனை. இந்த வீட்டுல யாரும் அதைப் போடுறதில்ல."

யூசேபியோ சட்டையை மூக்கில் வைத்து இழுத்தான். இருபது வருட டீசல் புகையில் அந்த மூக்கு செத்துப் பல காலமாகிறது. ஒன்றும் தெரியவில்லை. "என் வேர்வைதான் அப்படி மணக்குதோ என்னவோ" என்றான், நிஜமான ஆர்வத்தோடு.

"உன் வேர்வை எப்படி நாறும்னு பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியும்யா. தோள்ல சாயுறா, தேங்காய் பூசுறா, என் நாப்கினும் அவளுக்கு வேணுமா? பேரைச் சொல்லு."

"கண்ணுதான் எரியுது மாரிசெலா, சத்தியமா."

"நாளைக்கு எனக்கும் எரியும். அவளை நேர்ல பாக்கப்போறேன்ல."

வியாழக்கிழமை வேலை முடியும்போது அவள் துறைமுக வாசலில் நின்றாள். கைகட்டி, கால் அகட்டி, வெளியே வந்த ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் போய் மூச்சை இழுத்தாள். சமையல்காரி மீன் வாசனை அடித்தாள். காவல்காரி பெப்பர்மின்ட். யூசேபியோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சிவந்த கண்ணோடு, பூமி பிளக்கட்டும் என்று நின்றான். விடிந்தால் கண் சோதனை. ராத்திரிக்குள் கண்ணும் வெளுக்கப்போவதில்லை, குடும்பமும் சேரப்போவதில்லை.

அப்போது கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு ரோகேலியோ வந்தான். வெயிலுக்காக முகம், கழுத்து, காது எல்லாம் வெள்ளை கிரீமை அப்பியிருந்தான். சுண்ணாம்படித்த தூண் ஒன்று நடந்து வருவது போலிருந்தது.

மாரிசெலாவின் மூக்கு விரிந்தது. ரோகேலியோவைச் சுற்றி வந்தாள். ஒரு முறை முகர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி ரோகேலியோவைப் பார்த்தாள்.

"தேங்காய்" என்றாள், குரல் இறங்கி. "உன் தேங்காய் இவன் தோளுக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

"தோளுக்கு வந்தது குறி தப்புனது, தங்கச்சி" என்றான் ரோகேலியோ. "பின்னால ஒட்டி வர்றவன் கண்ணுக்குத்தான் தலையை உதறுனேன், கிரீம் கலந்த என் வேர்வை எரிஞ்சாலாவது முன்னால வருவான்னு பார்த்தேன், ரெண்டு கோடையா இவன் காத்து வாங்க வேண்டிய முறை அத்தனையும் எனக்குப் பாக்கி."