கால் தெரியாமல் ஒரு படம்

கலியாணப் பேச்சில் பொய் சொல்லாத குடும்பம் எங்கள் ஆட்களிடையே கிடையாது. மாப்பிள்ளையின் வேலை, வயது, உயரம் மூன்றிலும் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதை யாரும் பாவமாக நினைப்பதில்லை. என் அக்கா நாலாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். நான் மலை ஏறுவேன் என்று சொல்லிவிட்டார்.

1992இல் நான் லண்டனில், இல்ஃபோர்டில் அக்கா வீட்டு மேல்மாடி அறையில் குடியிருந்தேன். ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. (அக்காவின் பதிப்பில் அலுவலகமே என்னுடையது.) ஆர்ச்வேயில் ஒரு பெண் இருப்பதாகச் சம்பந்தம் வந்தது. மகளுக்கு மலையேற்றம் என்றால் உயிர் என்று பெண்ணின் தாயார் டெலிபோனில் சொல்ல, அக்கா மூச்சுவிடாமல் மறுமொழி சொன்னார்.

"என்ன பொருத்தம் பாருங்கோ! எங்கட தம்பியும் லீவு கிடைச்சா மலையிலதான். சுவிஸ் மலையெல்லாம் அவனுக்கு வீட்டு முற்றம் மாதிரி."

அடுத்த கிழமையே செய்தி வந்தது: மலையில் எடுத்த படம் ஒன்று பார்க்கலாமா என்று பெண் கேட்கிறாராம்.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. எங்கள் ஊரில் மிக உயரமான இடம் கோயில் கோபுரம். அதற்கு அடுத்தது பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கி. லண்டனிலோ, ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டர் பழுதென்றால் வேறு நிலையத்துக்குப் போகிறவன் நான்.

"அக்கா, அது பொய்யெண்டு சொல்லிவிடுங்கோவன்."

"உனக்கென்ன விசரே? போய் ஒரு மலையில ஏறிப்போட்டு வா. பிறகு அது பொய்யில்லைத்தானே?"

இந்தத் தர்க்கத்தை நான் படித்த எந்தத் தத்துவத்தாலும் இன்றுவரை முறியடிக்க முடியவில்லை. ஆனாலும் மறுத்திருக்கலாம். அந்தப் பெண்ணின் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்ததுதான் சிக்கல். அதன்பிறகு எவரெஸ்ட் என்றாலும் போயிருப்பேன்.

நூலகத்தில் மலையேற்றம் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் வாசித்தேன். பனிச்சரிவில் புதைந்தால் எப்படி மூச்சுவிடுவது, குளிரில் விரல் கறுத்தால் எந்த விரலை முதலில் வெட்டுவது, எல்லாம் கற்றேன். விசா அதிகாரியிடம் "மலை ஏறப் போகிறேன்" என்றபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தான் ஒருவன் சுவிஸுக்குப் போனால் திரும்பி வருவான் என்பதையே நம்பாதவர், இதை எப்படி நம்புவார்? ஆனாலும் விசா தந்தார். இவ்வளவு மோசமான பொய்யை யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

சுவிஸில், பேர்ன் நகரில் மாமா மகன் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். நான் மலைக்குப் போனது ஒரு சனிக்கிழமை. (ஞாயிறு என்கிறார் என் மனைவி. தவறு. ஞாயிறு மச்சானுக்கு லீவு. லீவு நாளில் அவன் என்னைத் தனியே விட்டிருக்கமாட்டான்.) புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டித் தந்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், உதுக்கெண்டு லண்டனில இருந்து வந்தனீ? எங்கட ஆக்கள் இந்த மலையளை ராவோட ராவா ஒளிச்சுக் கடந்து வந்தவை. அதுக்குக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் படம் எடுத்தே குடுத்தவன்?"

புத்தகம் வாசித்தவர்களுக்குக் கிண்டல் உறைக்காது. புதுச் சப்பாத்தும் புதுக் கம்புமாகப் புறப்பட்டேன். நான் தேர்ந்தெடுத்தது ஒரு மலைக்குடில். ஏறுகிறவர்கள் சூப் குடித்து இளைப்பாறும் வீடு. வாசலில் பெயரும் உயரமும் எழுதிய பலகை உண்டு என்று படித்திருந்தேன். அதன் முன்னால் ஒரு படம் எடுத்தால் போதும்.

வழிகாட்டிப் பலகையில் போட்டிருந்தது சுவிஸ்காரருடைய நேரம். என் நேரம் வேறாக இருந்தது. முதலில் ஒரு கிழவர் முந்தினார். பிறகு அவருடைய மனைவி. பிறகு முதுகில் குழந்தையைச் சுமந்த ஒரு பெண். குழந்தை திரும்பி எனக்குக் கை காட்டியது. நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், களைப்பில் நிற்கவில்லை என்று காட்டுவதற்காக மாடுகளைப் படம் எடுத்தேன். குடிலை அடைந்தபோது கமராவில் ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே எல்லாருடைய காலிலும் சிவப்புக் கம்பளிச் செருப்பு. சப்பாத்தோடு உள்ளே போகக்கூடாது என்பது விளங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றும் நாகரிகத்தை வெள்ளைக்காரன் இந்த உயரத்துக்கு வந்துதான் கற்றிருக்கிறான்! கோயில் வாசலில் விடுவதுபோல் என் சப்பாத்துகளைப் படிக்கட்டின் ஓரம் சோடியாக வைத்தேன். காலுறையோடு உள்ளே போய், சூப் குடித்துக்கொண்டே, பக்கத்திலிருந்த கிழவருக்குத் தமிழரின் பாதணி ஒழுக்கம் பற்றி ஒரு சிறு விரிவுரையும் ஆற்றினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். (அவருக்கு ஆங்கிலம் தெரியாது.)

படம் எடுக்க வெளியே வந்தேன். ஒரு சப்பாத்தைக் காணவில்லை. மற்றதை ஒரு வெள்ளாடு நக்கிக்கொண்டிருந்தது. சப்பாத்தின் நாக்குத்தோலும் உள்தாளும் ஏற்கெனவே போய்விட்டன. கயிறு ஆட்டின் வாயில் தொங்கியது. என் கால் வியர்வையை இவ்வளவு விரும்பிய உயிர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குடில்காரி ஓடி வந்தார். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், "வியர்வை உப்புக்கு ஆடு வரும். உள்ளே சப்பாத்துத் தட்டு இருக்கிறதே! ஏன் வெளியே விட்டாய்?" என்றார்.

"எங்கள் வழக்கம்."

"உங்கள் நாட்டில் ஆடு இல்லையா?"

இருக்கிறது. ஆனால் எங்கள் கோயில் வாசலில் செருப்பைக் கொண்டுபோவது ஆடல்ல, பக்தர்கள். அதை அவருக்கு விளக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு விரிவுரை போதும்.

அவர் சிவப்புச் செருப்பில் ஒரு சோடி தந்து, உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றால் என் காலோடு சேர்த்துக் கட்டினார். படம்தான் முக்கியம். கமராவைக் கொடுத்து, இடுப்பில் கை வைத்துக் காட்டி, "மேலே மட்டும், கால் வேண்டாம்" என்று மூன்று விதமாகச் சொன்னேன். நன்றாக விளங்கியது என்று தலையாட்டினார். பலகைக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவர் இரண்டடி பின்னால் போனதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இறங்கியதைப் பற்றி எழுத அதிகமில்லை. பெரும்பகுதியை உட்கார்ந்தபடியே இறங்கினேன்.

லண்டனில் பிலிமைக் கழுவக் கொடுத்தேன். நான் வேலைக்குப் போயிருந்தபோது அக்காவே போய் வாங்கி, நல்ல படத்தைத் தெரிந்தெடுத்து, அன்றைக்கே ஆர்ச்வேக்கு அனுப்பிவிட்டார். "முகம் நல்லா விழுந்திருக்கு" என்றார். முகத்தை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார்.

பெண் பார்ப்பது ஆர்ச்வே முருகன் கோயிலில். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குரல்:

"கவனமா உள்ளுக்கு வையுங்கோ. வெளியில ஆடு நிண்டாலும் நிக்கும்."

நிமிர்ந்தேன். அந்தப் பெண்தான். கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்து நீட்டினார். பலகை, மலை, நான், சிவப்புச் செருப்பு, கொடிக்கயிறு. ஓரத்தில், சப்பாத்துக் கயிற்றை மென்றபடி ஆடு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இனிப் பொய் எதற்கு?

"எனக்கு மலையேறத் தெரியாது. அக்கா சும்மா சொன்னவ."

அவர் தாயார் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஏலாது. அம்மா சும்மா சொன்னவ. இந்த ஹைகேட் ஹில் ஏத்தத்துக்கே நான் பஸ்ஸிலதான் வாறனான். படம் கேட்டா நீங்கள் பயந்து இந்தச் சம்பந்தத்தை விட்டிடுவியள் எண்டு நினைச்சன்."

அடுத்த தையில் எங்களுக்குக் கலியாணம். அதன்பின் இருவரும் எந்த மலையிலும் ஏறவில்லை. அந்தப் படம் மட்டும் சொந்தக்காரர் வீடுகளை எல்லாம் சுற்றி வந்து, கடைசியில் எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டமாகவே மாறிவிட்டது. போன வருடம் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் மரதன் ஓட்டம் ஓடுகிறவன் என்று படத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். நல்ல படம், இடுப்புக்கு மேலே. மகள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்ட்டி, இதில கால் இல்லை. காலோட ஒண்டு கொண்டு வாங்கோ."

அவர்கள் பிறகு வரவில்லை.