ஏஐ-யிடம் சாட்சி கேட்டவர்

குச்சனூர் சனீஸ்வரனிடமே சாட்சி கேட்ட ஒரே மனிதர் எங்கள் சாட்சி சார்தான். “ஏழரை முடிஞ்சிருச்சுன்னு ஜோசியர் சொல்றாக. சரி, யாரு சாட்சி?” என்று சந்நிதியில் நின்று சத்தமாகக் கேட்டார். அவர் சத்தம் லேசுப்பட்டதல்ல. தேனியில் பேசினால் ஆண்டிபட்டியில் பஸ் டிரைவர் பிரேக் போடுவார்.

கல்லூரியில் நானும் அவரும் பொருளியல் வாத்தியார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஸ்டாஃப் ரூமில் யாராவது “மழை வருது” என்றால், உடனே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். உள்ளங்கை நனைந்தால்தான் அவருக்கு மழை.

இப்படிப்பட்டவர் இருந்த இடத்துக்குத்தான் ஏஐ வந்து சேர்ந்தது.

முதலில் பதறியவன் நான். திராட்சை விவசாயம் பற்றி அசைன்மென்ட் கொடுத்திருந்தேன். நாற்பதில் முப்பத்தொன்பது பேர் ‘இன்றைய வேகமான உலகில் திராட்சை’ என்று ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. இனி வாத்தியார் வேலை அவ்வளவுதான், அல்லிநகரத்தில் புரோட்டாக் கடை போடவேண்டியதுதான் என்று வீட்டில் புலம்பினேன். “மாவு பிசையத் தெரியுமா உங்களுக்கு?” என்றாள் மனைவி. அந்த வழியும் அடைபட்டது.

அந்தப் பதற்றத்தில் வகுப்பு மொத்தத்துக்கும் சைபர் போட்டேன். நாற்பதாவது ஆள் முத்துச்செல்வி. வேறு மாதிரி எழுதியிருந்தாள், அழகாக. அழகாக இருந்ததாலேயே அவள்மேல் எனக்குச் சந்தேகம் கூடுதல். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அழுதாள்.

“மிஷின் எழுதுச்சுன்னு சொல்றீகளே சார், யாரு சாட்சி?” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

“பாத்தாலே தெரியுதே சார்!”

“பாத்தா நீங்ககூடத்தான் நல்லாப் பாடம் நடத்துறவரு மாதிரித் தெரியுறீக.”

பிறகு அவளிடம் திரும்பினார். “ஏத்தா, கம்பத்துல உங்க திராட்சைத் தோட்டத்துல வருசத்துக்கு எத்தன அறுவடை?”

“மூணு சார். மழைல சிக்குனா பழம் வெடிச்சிரும். போன தடவ வெடிச்சப்ப அப்பா ரெண்டு நாள் சாப்பிடல.”

அவள் எழுதியிருந்ததும் அதுவேதான். அதே கேள்வியைத் தன் போனில் ஏஐ-யிடம் கேட்டார். ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்று அது தயங்காமல் சொன்னது. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: “இது கம்பத்துப் பக்கமே வந்ததில்ல போல.”

மார்க்கைத் திருத்தினேன். முத்துச்செல்வியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

மிச்ச முப்பத்தொன்பது பேரை அவர் எடுத்துக்கொண்டார். “தடை போட்டா ஒளிஞ்சு கேப்பாய்ங்க. நம்ம முன்னாடியே கேக்கட்டும்” என்றார். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் மிஷின் சொன்னது. வலப்பக்கம் நேரில் போய் விசாரித்தது. அடியில் சாட்சியின் கையெழுத்து. மிஷின் சொன்னது சரியாக இருந்தால் அதையும் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள், களை எடுப்பவர்கள் கைநாட்டு வைத்தார்கள். ஒருவன் ஆட்டின் குளம்பை மையில் முக்கிப் பதித்துக்கொண்டு வந்தான். “ஆடு பொய் சொல்லாது. ஆனா குறுக்கு விசாரணை பண்ண முடியாதேப்பா” என்று பாதி மார்க் போட்டார்.

போன ஐப்பசியில் ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. போனில் செய்தி சொன்னவரிடம் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, “யாரு சாட்சி?”

இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும் என்றார் கல்லூரி முதல்வர். பேனாவைப் பிடித்தால் கை ஓடவில்லை. ஊருக்கெல்லாம் சைபர் போட்ட மகராசன், கடைசியில் ஏஐ-யிடமே போய் நின்றேன். ஒரு நிமிடத்தில் உரை வந்துவிட்டது. ‘மென்மையாகப் பேசுபவர். எவரையும் எளிதில் நம்பிவிடுபவர்.’

படித்ததும் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. தாளின் நடுவே ஒரு கோடு போட்டேன். வலப்பக்கம் எழுத ஆரம்பித்தேன்: சனீஸ்வரன், ஆட்டுக் குளம்பு, என் அவசர சைபர். கூட்டத்தில் வலப்பக்கத்தை மட்டும் படித்தேன். அடியில் சாட்சி என்று என் கையெழுத்து. இறங்கி வந்ததும் முத்துச்செல்வி என் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே அவளும் போட்டாள்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் “மழை வருது” என்றேன்.

எல்லோரும் அப்படியே நம்பிவிட்டார்கள்.