அக்கா கல்யாணத்துக்கு நான் போட்ட லைட்

வீட்டில் ஒருவன் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டால், மிக்ஸி ஓடாததற்கும் டிவி ரிமோட் தொலைந்ததற்கும் அவனே பொறுப்பு. அதில் பெரிய ஆபத்தில்லை. அவனாக ஒரு யோசனையோடு வந்தால்தான் வீட்டார் ஓடி ஒளிய வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் ஓடவில்லை.

அக்காவின் கல்யாணம் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஏசி மண்டபத்தில். மேடையில் எல்இடி விளக்குகள் மங்கலாகத் தொடங்கி, தாலி கட்டும்போது மெல்ல மெல்லப் பிரகாசமாக வேண்டும் என்று முடிவுசெய்தேன். (என்னை யாரும் கேட்கவில்லை.) சாலை பஜாரில் விளக்குகள் வாங்கி, அவற்றை இயக்க நானே ஒரு பெட்டி செய்தேன். உள்ளே ஒரு சிப். அது விளக்கை நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றும். எரியும் நேரம் கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் மங்கும். பெட்டியில் இரண்டு திருகு குமிழ்கள். ஒன்று வெளிச்சத்துக்கு, மற்றது அந்தத் துடிப்பின் வேகத்துக்கு.

"கொள்ளாம்டே!" என்றார் அப்பா. அவர் என்னைப் பாராட்டியது அதுவே கடைசி.

மேடையின் மற்ற விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, பெட்டியோடு ஓரத்தில் நின்றேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், மலையாளி வீடியோக்காரர் என் தோளைத் தட்டி, கேமராவைப் பார்க்கச் சொன்னார்.

"சாரே, இதொந்நு நோக்கிக்கே."

கேமரா திரையில் மணமக்கள் மேல் கறுப்புப் பட்டைகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அக்காவுக்குக் கண் இருந்தால் மூக்கு இல்லை. மாப்பிள்ளைக்கு மீசை மட்டும் மிச்சம்.

நம் கண்ணுக்குத் தெரியாத அணைப்பு கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது! துடிப்பின் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். அவசரமாகத் திருகினேன். எதிர்த்திசையில். வேகம் ஒரேயடியாகக் குறைந்து, மேடை முழுவதும் ஆம்புலன்ஸ் விளக்குபோலப் பளிச், இருட்டு, பளிச், இருட்டு.

நாதஸ்வரக்காரர் பயந்து வாயை எடுத்துவிட்டார். மேளமும் நின்றது. அந்த அமைதியில், கழுத்தை நோக்கித் தாலி வந்துகொண்டிருக்க, அக்கா அலறினாள்:

"நிறுத்து!"

மாப்பிள்ளை நிறுத்திவிட்டார்.

பளிச். அவர் வாய் திறந்திருந்தது. இருட்டு. பளிச். அவருடைய அம்மா நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்றார். கல்யாணப்பெண் தாலியைத் தடுத்துவிட்டாள், அதுவும் ஒருமையில்! அட்சதையோடு ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன.

"ஏன்... இஷ்டமில்லையா?" என்றார் மாப்பிள்ளை, அழப்போகிற குரலில்.

"ஐயோ, உங்கள இல்ல! அந்தா பெட்டியும் கையுமா நிக்கானே, அவன!"

முந்நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. அப்பா ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். குத்துவிளக்கு வெளிச்சத்தில், யாரும் மறுபடி வாய் திறப்பதற்குள், மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டுவிட்டார்.

அந்த வீடியோவை அத்தான் இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். என் கல்யாணத்தில் நான் தாலியைக் கையில் எடுத்ததும், அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"அளியா, ஒரு நிமிஷம்." பிறகு மணப்பெண்ணிடம் குனிந்தார். "நிறுத்தணுமா, மோளே?"

அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "வேண்டாம் அண்ணா. இவரு லைட்டைத் தொடாம இருந்தாப் போதும்."