படிக்கட்டில் ஒரு ராஜ மூக்கு

ஷீராஸ் நகரத்தில் ராஜ வம்சத்தார் என்றொரு இனம் உண்டு. டாக்சி ஓட்டும், ரொட்டி சுடும், பல் பிடுங்கும். ஆனால் வாயைத் திறந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வராது. உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அடியேனும் அதில் ஒருவன். பெயர் கீயூமர்ஸ். வம்சம், சைரஸ் சக்கரவர்த்தி. தொழில், ஃபிரிட்ஜ் ரிப்பேர்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் சிறகு விரித்த பழைய மதத்துச் சின்னம் தொங்கும். 'நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல்' என்று அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே ரொட்டிக்கடை வரிசையில் நடுவில் நுழைவோம். அந்த மதத்து நெருப்புக் கோயில் பக்கம் ஆயுசில் ஒரு தடவை போயிருக்க மாட்டோம், அடுப்புப் பற்றவைக்கும்போது மட்டும் 'எங்கள் புனித நெருப்பு' என்று நெஞ்சை நிமிர்த்துவோம். பாலைவனத்தில் கோடையிலும் பனிக்கட்டி சேமித்து வைத்த பரம்பரைக்கு ஃபிரிட்ஜ் குலத்தொழில் ஆகாமல் வேறு யாருக்கு ஆகும்? பொய் மகா பாவம் என்று சைரஸுக்குப் பின் வந்த தாரியஸ் மன்னர் மலையிலேயே கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார். அதை ஒப்பித்த கையோடு, "கம்ப்ரசர் போயிடுச்சுங்க" என்பேன். போயிருப்பது ஒரு ஒயர்.

என் மகள் ஆதூஸா. பெயரே பழைய மகாராணி பெயர், கேட்க வேண்டுமா? அவளைப் பெண் கேட்டு இஸ்ஃபஹானிலிருந்து சியாமக் என்ற பையனும் அவன் தாயார் மஹ்லகா கானுமும் வந்தார்கள். கானும் என்றால் எங்கள் ஊரில் அம்மணி. ஆதூஸாவுக்குப் பையன் மேல் உயிர். ஊருக்கு வெளியே இருக்கும் பழைய அரண்மனையைப் பார்க்கலாமே என்றார் தாயார். என் முகம் மலர்ந்ததைக் கண்டதும் மகள் என்னைக் காருக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"பாபா, இன்னிக்கு ஒரு நாள் சைரஸை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. போன தடவை வந்தவங்ககிட்ட மூணு மணி நேரம் கல்வெட்டு ஒப்பிச்சீங்க. டீ கூடக் குடிக்காம ஓடிட்டாங்க. இதுவும் போச்சுன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்."

"சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன், கண்ணு."

வாசலில் அடக்கினேன். தூண்களிடம் அடக்கினேன். ஈட்டி பிடித்த வீரர்களைச் செதுக்கிய படிக்கட்டு வந்ததும் என்னையறியாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றுவிட்டேன்.

"கானும், இந்த வீரன் மூக்கைப் பாருங்க, என் மூக்கையும் பாருங்க. ராஜ ரத்தம் பேசுது!"

ஆதூஸா தலையில் கை வைத்துக்கொண்டாள். மஹ்லகா கானும் என் மூக்கை உற்றுப் பார்த்தார். சக்கரவர்த்திக்குக் காணிக்கை கொண்டுவரும் பல தேசத்தாரைச் செதுக்கியிருக்கும் சுவரோரமாக மெல்ல நடந்தார், ஓரிடத்தில் நின்றார்.

"கீயூமர்ஸ் ஐயா, இங்க வாங்க. உங்க மூக்கு இங்க இருக்கு."

ஓடினேன். இருந்தது, நுனி வளைவு உட்பட. அதன் சொந்தக்காரர் மேல்சட்டையில்லாமல் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மானம் கப்பலேறியது. வாதாட நாக்கு துருதுருத்தது. மகளைப் பார்த்தேன், கண் நிறைந்திருந்தது. பாவி, என்ன காரியம் செய்தேன்! ஆயுசில் முதல் தடவையாகத் தாரியஸ் மன்னர் பேச்சைக் கேட்டேன்.

"ஆமாம் கானும். அச்சு அசல் என் மூக்குதான். கழுதையும் தெரிஞ்ச முகமாத்தான் இருக்கு."

அவர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அப்பாடா! எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா அந்த வீரன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறார். தப்புன்னு ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்ல. அவரைச் சமாளிக்க உங்களை மாதிரி ஒரு சம்பந்திதான் வேணும்." பையிலிருந்த மிட்டாயை எடுத்து எல்லோர் வாயிலும் போட்டு, அங்கேயே கல்யாணப் பேச்சை முடித்துவிட்டார்.

அந்தக் கழுதைக்காரர் எந்த நாட்டார் என்று அப்புறம் விசாரித்தேன். சிந்து நதிப் பக்கத்து இந்தியராம். அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம். 'எங்கள் முன்னோர் அந்தக் காலத்திலேயே' என்று நீங்களும் ஆரம்பிப்பீர்களாமே?

மூக்கைத் தடவிப் பார்க்காதீர்கள். வளைவு இருக்கிறது.